காது மெஷின் புகார்

கடைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘வெடி’. நுகர்வோர் உதவி மையத்திலிருந்து போன் வந்தால், “யாரு, வெடியா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் எடுப்பார்களாம். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். பின்னே, கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சினால் எந்தக் கடைக்காரன் கெட்டுப்போன மிக்ஸியைத் திரும்ப எடுத்துக்கொள்வான்?

எங்கள் மையம் மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறினால் வரும் ஒற்றை அறை. இரண்டு மேசை, ஒரு பெஞ்சு, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி. மையத்தின் தலைவரும் அவரே, தினம் கதவைத் திறந்து கூட்டுகிறவரும் அவரே என்று ஒரு பெரியவர் எதிர் மேசையில் இருப்பார். எழுத்து வேலை அவருடையது, வாய் வேலை என்னுடையது. துவைத்ததும் சுருங்கிய சட்டை, ஒரு மாதத்தில் கைப்பிடி கழன்ற பீரோ, ஓடாத கடிகாரம் என்று தினமும் யாராவது வந்து பெஞ்சில் உட்காருவார்கள்.

இந்த வேலையில் எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் புகார்தாரர். கூட வந்தவர்களெல்லாம் துணைக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, கடைக்காரரைக் கூப்பிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவோம். தனக்காக ஒருத்தி சண்டை போடுகிறாள் என்பதை வந்தவர் தன் காதால் கேட்டால் பாதி மனக்குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

அன்று வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். ஐம்பதை ஒட்டிய வயது. அவர் ஏதோ கம்பெனியில் கணக்கர். சட்டை மடிப்புக் கலையவில்லை, பேச்சும் அப்படித்தான். பில், உத்தரவாத அட்டை, காலி டப்பா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். இப்படிக் காகிதத்தோடு வருகிறவரைக் கண்டால் எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி. பாதிப் பேர் பில்லைச் சட்டைப்பையோடு துவைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

“இவளுக்குக் காது மந்தம் மேடம். ஆசையா மெஷின் வாங்கிக் கொடுத்தேன். போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கறான்.”

அந்தம்மா பெஞ்சின் ஓரத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதுக்குப் பின்னால் மெஷின் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

“அவளுக்குக் கேக்காது மேடம், என்கிட்ட கேளுங்க” என்றார் கணவர். பில்லும் அவர் பெயரில்தான் இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ஒரு சோதனையும் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் ஓங்கித் தட்டினேன். தலைவர் துள்ளி விழுந்தார், அவர் பேனா கீழே உருண்டது. அந்தம்மா திரும்பவில்லை. “பார்த்தீங்களா மேடம்?” என்றார் கணவர். பார்த்தேன். என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், இனி எவன் என்ன சொன்னால் என்ன? போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

காது மெஷின் கடைக்காரர் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், அந்தம்மாவுக்கு நல்லாக் கேட்டுது. என் கடையிலேயே உக்கார வெச்சு, பேசிப் பார்த்துத்தான் அனுப்பினேன். இப்பக் கேக்கலைன்னா கூட்டிட்டு வரச் சொல்லுங்க, கூட்டிக் குறைச்சு சரிபண்ணித் தரேன்.”

“கூட்டிட்டு வந்தாராமே, நீங்கதான் மதிக்கலையாமே?”

“அவர் மட்டுந்தான் வந்தார் மேடம். அந்தம்மா இப்பப் பக்கத்துல இருக்காங்களா? அவங்களை ஒரு வார்த்தை கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், அவங்களைக் கேளுங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. காது கேட்காதவரைக் கேட்கச் சொல்கிறானே, என்ன நக்கல் என்று நினைத்தேன். “நான் கண்ணால பார்த்துட்டுப் பேசறேன், நீங்க கதை அளக்கறீங்களா? உங்ககிட்ட பேசறதும் ஒண்ணுதான், செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்!” என்று கத்தினேன். கணவர் சிரித்தார். வார்த்தை பொருத்தமாக விழுந்துவிட்டதாக நினைத்து நானும் சிரித்தேன். அந்தம்மா மடியிலிருந்த பையின் கைப்பிடியை ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கடைக்காரர் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்கள் சுவரில் ‘தீர்த்து வைத்த புகார்கள்’ என்று ஒரு பலகை உண்டு. அதில் கடையின் பெயரைப் போட்டு, ‘குறையுள்ள காது மெஷின் திரும்பப் பெறப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். படியேறி வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் படுகிற இடம் அது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அந்தம்மா தனியாக வந்தார். கையில் காய்கறிப் பை. காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் பழக்கத்தில் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, “வாங்கம்மா, உக்காருங்க!” என்றேன்.

“கத்தாதீங்கம்மா. கத்தினா வாய் கோணிக்குது, எனக்குப் புரியாது. என் மூஞ்சியைப் பார்த்துச் சாதாரணமாப் பேசுங்க, போதும்.”

குரல் தெளிவாக இருந்தது. முதல் தடவை வந்தபோது அவர் குரலையே நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?”

“அந்த மெஷின் எனக்குத் திரும்ப வேணும்.”

விஷயம் புரியாமல் பேசுகிறார் என்று நினைத்து, “அது வேலை செய்யலைன்னுதானேம்மா திருப்பிக் கொடுத்தோம்?” என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“வேலை செஞ்சுதே. நீங்க கை தட்டினீங்களே, காதே அடைச்சுப் போச்சு. அந்த ஐயா பேனாவைக் கீழ போட்டாரே, அது உருண்ட சத்தம்கூடக் கேட்டுது.”

எதிர் மேசையில் தலைவரின் பேனா எழுதுவதை நிறுத்தியது. “அப்புறம் ஏன் திரும்பலை?” என்று கேட்டேன்.

“சொல்லித்தான் கூட்டிட்டு வந்தார். அங்க வாயைத் திறக்காதே, என்ன பண்ணினாலும் திரும்பாதேன்னு. மீறினா வீட்ல எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்கன்னு எனக்குத்தானே தெரியும்? ஆனா மனசுல ஒண்ணு நெனச்சிருந்தேன். அந்த மேடம் என்னை நேராப் பார்த்துக் கேட்டாங்கன்னா, வர்றது வரட்டும், சொல்லிடறதுன்னு. கடைக்காரரும் சொன்னாரே, அவங்களைக் கேளுங்கன்னு. உங்க வாயையே பார்த்துட்டிருந்தேன். நீங்க கேக்கலை.”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். சங்கு? அதுவும் கேட்டிருக்கும்தானே? நான் கேட்காமலே அவர் புரிந்துகொண்டார் போல. “அந்தப் பழமொழியும் கேட்டுது. அதை விடுங்க, ஊர்ல எல்லாரும் சொல்றதுதான்” என்றார்.

பிறகு அவரே சொன்னார். பாலர் பள்ளியில் பாடம் நடத்தியவராம். காது மெல்ல மெல்ல மங்கியதும் வேலையை விட்டுவிட்டாராம். “மெஷின் போட்ட அன்னைக்கு வீட்டுக்குள்ள நடந்தா என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டுது. தெருவுல போற பிள்ளைங்க பேசறது கேட்டுது. சும்மாவே வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தேன். சாப்பிட உக்காந்தப்போ, என் நாத்தனார் எப்பவும்போல என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே, ‘இது எதுக்கு லாயக்கு, தின்னத்தான் லாயக்கு’ன்னாங்க. அவர் சிரிச்சார். நான் தட்டுல பரிமாறிக்கிட்டே, ‘சமைக்கறதும் இதுதானே அண்ணி’ன்னு சொன்னேன்.”

அவர் கொஞ்சம் நிறுத்தி, “அன்னைக்கே மெஷின் ரிப்பேர் ஆயிடுச்சு” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது.

“இத்தனை வருஷமா என்னை வெச்சுக்கிட்டே எல்லாம் பேசுவாங்கம்மா. சுவரு மாதிரி. திடீர்னு சுவரு பதில் சொன்னா யாருக்குப் பிடிக்கும்?” என்றார். “அதை விடுங்க. எனக்கு மெஷின் வேணும். நீங்க வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா?”

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அந்த ஃபைலை மூடியாச்சும்மா. புகார் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, அவர் வந்து...” என்று ஆரம்பித்தேன். வாய் பாட்டுக்குப் பழகிய தடத்தில் போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன். அந்த நிமிஷம் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

“கடைக்காரரைப் பார்க்கறேன். நானே பார்க்கறேன்” என்றேன்.

“வியாழக்கிழமை காய் வாங்க வருவேன். அப்ப வந்து தெரிஞ்சுக்கறேன். போன் பண்ணிடாதீங்க. நம்பர் அவரோடது. எடுத்தாலும் எனக்குத்தான் கேக்காதே” என்று லேசாகச் சிரித்துவிட்டுப் படியிறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். காது கேட்காதவர்கள் அப்படித்தான் இறங்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கேலிக்காரர். நான் உம்மென்று இருந்தால் அவருக்குப் பொறுக்காது. “என்ன, வெடி நமுத்துப் போயிருக்கு?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொன்னவன் உன்னைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தா ‘காரி’ன்னு மாத்தியிருப்பான்” என்றார். வேறு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். அன்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. நான் சும்மா இருப்பதைப் பார்த்து அவரே பயந்துபோய், “சரி விடு, தெரிஞ்சா பண்ணினே?” என்றார்.

தெரியாமல் செய்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதுமாக இருந்தது. ‘உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?’ அவ்வளவுதான். இத்தனை வருஷமாகப் பெஞ்சில் துணைக்கு வந்தவர்கள் என்று நான் ஒதுக்கி வைத்த முகங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. மகன் மெத்தைக்குப் புகார் கொடுக்க, பக்கத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. சக்கர நாற்காலி சரியில்லை என்று அண்ணன் பேச, அதில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி. மெத்தையில் படுப்பவர் யார், நாற்காலியில் உட்காருபவர் யார் என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை. பில்லில் பெயர் இருந்தவரின் வாயைத்தான் பார்த்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைக்குள் விதவிதமான மெஷின்கள், ஓரத்தில் சத்தம் புகாத சின்ன அறை, காதின் அச்செடுக்கிற பசைக் கிண்ணம். போனில் கேட்ட குரலுக்கு இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறேன். குட்டையான, கண்ணாடி போட்ட மனிதர். நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“வாங்க வெடி மேடம். என்ன, இன்னைக்கு ஸ்பீக்கர் இல்லையா?”

எனக்கு வேண்டும். இன்னமும் வேண்டும். “தப்பு என்னுதுங்க. உங்க மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை” என்றேன்.

“அதை என்கிட்ட சொல்றீங்களா? கம்பெனிக்கு அனுப்பினேன், பழுது ஒண்ணும் இல்லைன்னு அவங்களே எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. தெரிஞ்ச விஷயத்தைத் தெரிஞ்சுக்க எனக்கு இத்தனை அலைச்சல். உங்க பலகையைப் பார்த்துட்டு எத்தனை பேர் என் கடைப் படி ஏறாமலே போனாங்களோ, அது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.” அவர் குரல் ஏறியது. “நான் என்ன கேட்டேன்? அந்தம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கன்னுதானே கேட்டேன்?”

அவர் பேசட்டும் என்று நின்றேன். எதிர்ப்பேச்சு பேசாமல் திட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் திட்டிய கடைக்காரர்களில் எத்தனை பேர் இப்படி நின்றார்களோ. அவர் ஓய்ந்த பிறகு அந்தம்மா வந்து கேட்டதைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டு விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“கடைசியா இங்க உக்காந்திருந்தப்போ, வெளியில சைக்கிள் மணி அடிச்சுதுன்னு சொல்லி எழுந்தே போய்ப் பார்த்துட்டு வந்தாங்க” என்றார். பிறகு மேசை இழுப்பறையைப் பார்த்தார். “மெஷின் இருக்கு. ஆனா இன்னொருத்தர் கேட்டிருக்கார், சனிக்கிழமை சாயங்காலம் வர்றார். அதுக்கு முன்னாடி அந்தம்மா வந்தா அவங்களுக்கே. பழைய அச்சைத் தூக்கிப் போட்டுட்டேன், புதுசா எடுக்கணும். அதனால அவங்களே வரணும். பணத்தை அவங்களும் நானும் பேசிக்கறோம், அதுல நீங்க தலையிட வேண்டாம். தலையிட்டது போதும்.”

திரும்பி வந்ததும் பலகையில் இருந்த காகிதத்தைக் கிழித்தேன். அதே இடத்தில், அதே கொட்டை எழுத்தில், ‘இந்தக் கடையின் மெஷினில் குறை இல்லை. சரியாக விசாரிக்காமல் எழுதியது மையத்தின் தவறு’ என்று எழுதினேன். தலைவர் பக்கத்தில் வந்து நின்று படித்தார்.

“மையத்தின் தவறுன்னு போட்டா நாளைக்கு எவன் நம்மளை மதிப்பான்?”

“சரி” என்று ‘மையத்தின்’ என்பதை அடித்துவிட்டு ‘என்’ என்று போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். “கை தட்டினப்போ நானும்தான் இங்க இருந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ‘எங்கள்’ என்று மாற்றி அவரும் கையெழுத்துப் போட்டார். அதனால் என் பாரம் குறைந்துவிடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிப் புகார் வந்தது, குடைப் புகார் வந்தது, அந்தம்மா வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. போன் செய்ய முடியாது. செய்தால் கணவர் எடுப்பார். இவர் இங்கே தனியாக வந்துபோனது வீட்டில் தெரிந்துவிட்டதோ, காய்கறி வாங்கப் போகிற அந்த ஒரு நடையையும் நிறுத்திவிட்டார்களோ என்று என் புத்தி கண்டதையும் நினைத்தது. சனிக்கிழமை மதியத்துக்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. ஃபைலில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரே மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற தெரு. கதவு திறந்துதான் இருந்தது. கணவர் முன்னறையில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கனத்த உடம்பு அம்மா ஒருவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் நாத்தனார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேர் பின்னால், கொல்லைக் கதவுக்கு அப்பால், அந்தம்மா முதுகைக் காட்டி நின்று கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அடடே, மேடம்! வாங்க வாங்க. டீ சாப்பிடறீங்களா?” என்று கணவர் எழுந்தார். “அக்கா, நான் சொன்னேனே, அந்தக் கடைக்காரனை ஒரு வழி பண்ணினாங்கன்னு, இவங்கதான்.”

அந்தப் பாராட்டு செருப்படியாக விழுந்தது. “டீ வேண்டாம். உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்” என்றேன்.

“அவளுக்குக் கேக்காது மேடம், என்கிட்ட சொல்லுங்க.”

“இல்லை, அவங்ககிட்டதான்.”

“என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்” என்றபடியே நடுவில் வந்து நின்றார். சிரிப்பு அப்படியே இருந்தது. நாத்தனார் கத்தியை நிறுத்திவிட்டு, “அன்னைக்குக் காய் வாங்கப் போறேன்னு அங்கதான் போச்சா இது? அதான பார்த்தேன், ரெண்டு தெரு தள்ளி வாங்கற காய்க்கு அவ்வளவு நேரமான்னு. அதனாலதான் வியாழக்கிழமை நானே போய் வாங்கிட்டு வந்தேன்” என்றார். அந்தம்மாவை வைத்துக்கொண்டே, ‘இது’ என்று.

நான் பொறுமையாகத்தான் பேச வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். எங்கே? அவர் தோளுக்கு மேலாக, கொல்லைப் பக்கம் பார்த்துக் கத்திவிட்டேன்.

“அம்மா! மெஷின் நல்ல மெஷின்! தப்பு பண்ணினது நான்! உங்களைக் கேக்காம உங்க காதைப் பிடுங்கிக் கொடுத்துட்டேன்!”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகையை நிறுத்தியது. தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். கணவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தெரு முழுக்கக் கேட்டது. அந்தம்மா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சமன்செய்துகொண்டிருந்தார்.

அன்று நான் கை தட்டியபோதும் இதே முதுகைத்தான் பார்த்தேன். அன்று கேட்டும் திரும்பாத முதுகு. இன்று கேட்காமலே நிற்கிற முதுகு. இப்படி ஆக்கியது நான். அழுகையா ஆத்திரமா தெரியவில்லை, என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. கணவரைக் கையால் விலக்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்தேன். “ஏங்க, ஏங்க, இது வீடு” என்று நாத்தனார் பின்னால் சத்தம் போட்டார். கொல்லைக்குப் போய் அந்தம்மாவின் தோளைத் தொட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது.

அவர் முகத்துக்கு நேராக நின்றேன். கத்தவில்லை. கத்துவது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. இப்படி ஒருவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வதற்குத்தான் தெம்பு வேண்டியிருந்தது. “மெஷின்ல கோளாறு இல்லை. தப்பு என்னுது. அன்னைக்கு உங்களைத்தான் நான் கேட்டிருக்கணும். கேக்கலை. உங்களை வெச்சுக்கிட்டே சொல்லக்கூடாததையும் சொன்னேன். மன்னிச்சுக்குங்க” என்றேன். சொல்லும்போதே உதடு நடுங்கியது, புரிந்ததோ இல்லையோ என்று பயமாக இருந்தது.

கடைசிச் சொல் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றார். “கடைக்காரர் என்ன சொன்னார்? அதைச் சொல்லுங்க.”

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. நான் ராத்தூக்கம் கெட்டு, தெருவையே கூட்டி, பெரிய மன்னிப்பைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது அதுவா? “மெஷின் இருக்கு. அச்சு மட்டும் புதுசா எடுக்கணுமாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்களே போகணும். பணம் உங்ககிட்ட பேசிக்கறாராம்” என்றேன்.

“இன்னைக்கேவா?”

“இன்னைக்கே.”

கூடையில் பாதித் துணி ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தார். கையிலிருந்த கிளிப்புகளைக் கூடைக்குள் போட்டார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டு, முன்னறை வழியாகவே நடந்தார். நாத்தனார் ஏதோ சொன்னார். கணவர், “எங்க கிளம்பிட்டே?” என்றார். அந்தம்மா வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

தெருவில் இறங்கியதும் கணவர் வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் சத்தமாக, அப்புறம் ஜன்னல்களில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி மெதுவாக. அந்தம்மா நேராக நடந்துகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குள் ஒரு குரல், பேசாமல் வா, சொல்லாதே, எப்படியாவது கடை போய்ச் சேரட்டும் என்றது. நல்லதற்குத்தானே? நாலடி நடந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு எது கேட்க வேண்டும், எது கேட்க வேண்டாம் என்று மறுபடியும் நான்தானே முடிவு செய்கிறேன்?

அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். முகத்தைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரர் கூப்பிடறார்” என்றேன்.

அந்தம்மா திரும்பி வாசலைப் பார்த்தார். கணவரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“கூப்பிடட்டும்” என்றார். “மெஷினைப் போட்டுக்கிட்டு வந்து கேட்டுக்கறேன்.”